தங்கச்சி சொன்ன விளக்கங்களும் நான் கண்டுபிடித்த சொற்களும்

கனடாவில், ஸ்காபரோவில் பதினொரு வீட்டுக்கு அத்திவாரம் போட்டவன் நான். ஒரு பையோடு வந்து, கோப்பை கழுவி, கொங்கிறீற் வேலை பழகி, சொந்தமாக இரண்டு லொறி எடுத்து, உடன்பிறந்த நாலு பேரையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டேன். படித்தது அஞ்சாம் வகுப்பு. ஒருவரும் கைதூக்கி விடவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கடைசியாகக் கூப்பிட்டது தங்கச்சியை. பருத்தித்துறையில் பிறந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதல் ரீச்சரானவர். இள வயதில் கணவனை இழந்து, ஒரே மகளைத் தனியாக வளர்த்தவர். இங்கே தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்தும் முகம் கோணாதவர். அவருக்கிருந்த ஒரே ஆசை, தமிழ்க்கடையில் சும்மா கிடைக்கும் வாரப் பேப்பரின் குறுக்கெழுத்து. சனிக்கிழமையில் நான் பேப்பரோடு மல்வேர்னிலுள்ள அவர் வீட்டுக்குப் போவேன். அவர் விளக்கத்தை வாசிப்பார், நான் விடை சொல்வேன், பிழையாகிவிடும்.

“அண்ணை, ஊருக்கெல்லாம் வீடு கட்டினது காணும். என்ர கட்டத்துக்கை வராதேங்கோ.”

போன வருடம் பக்கவாதம் வந்தது. கை கால் திரும்பியது, பொருட்களின் பெயர்கள் திரும்பவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு, “கிண்டுறது, கிண்டுறது” என்றார். மகள் அழுதாள். இரண்டு நாள் யோசித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பெயர் போனாலும் விளக்கம் போகவில்லை. குறுக்கெழுத்து மாதிரித்தான், சொல்லை நாங்கள் தேட வேணும்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் வைத்தார்கள். இவர் பேசுவது இவருக்கே விளங்குதில்லை, பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்புவதுதான் நல்லது என்றார்கள். பேருக்கு அவரிடமும் ஒருதரம் கேட்டார்கள், எங்கே இருக்க விருப்பம் என்று.

“பூட்டுறதும் திறக்கிறதும் நான். எழும்பு எண்டு ஆரும் சொல்லாத இடம்.”

நான் பிழை விட்டால் தங்கச்சியின் மிச்சக் காலம் முன்பின் தெரியாதவர்களோடு. விடை வாய்வரைக்கும் வந்தது. தங்கச்சியின் மகள், என் மருமகள், காதுக்குள், “மாமா, உங்கட விருப்பத்தைச் சொல்லாதேங்கோ, அவை நம்பமாட்டினம்” என்றாள். அதனால், அவரே தெரிந்தெடுப்பதை அவர்கள் பார்க்கட்டும் என்று, பிழையான சொற்களை முதலில் வைத்தேன்.

“கோயிலோ?”

தலையாட்டி மறுத்தார்.

“என்ர வீடோ?”

“உது இல்லை.”

“உன்ர வீடோ?”

“ஓம் அண்ணை. ஓம்.”

மருமகள் அதை இங்கிலிஷில் சொன்னாள். கூட்டம் வைத்த ஆஸ்பத்திரி உத்தியோகத்தர் பேனையை எடுத்து எழுதினார்.

எட்டு மாதம் தன் வீட்டில் இருந்தார். நான் ஒவ்வொரு நாளும் கதவைத் தட்டும்போது பயந்துதான் தட்டுவேன், இரவோடிரவாக விளக்கமும் போயிருக்குமோ என்று. கடைசிக் கிழமையில் என் கையைப் பிடித்தார்.

“எல்லாரும் வருவினம். நான் ஒருத்தரையும் வாங்கோ எண்டு கேக்கமாட்டன். சொல்லுங்கோ அண்ணை.”

செத்தவீடு. உடனே தெரிந்தது.

“தெரியேல்லையடி” என்றேன்.

“மொக்கு அண்ணை” என்று சிரித்தார். நாலாம் நாள் போய்விட்டார்.

சமைத்துக் கொண்டுவந்த அயலவர்கள், தாதிமார், பஸ் ஏறி வந்து பார்த்த தொழிற்சாலைச் சிநேகிதிகள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் மருமகள் இந்த நினைவு மலருக்கு எழுதிய முதல் பக்கத்தில், “கடைசி மாதங்களில் அம்மாவால் பேச முடியவில்லை” என்று கிடக்கிறது. அதை வெட்ட வேணும். தங்கச்சி கடைசிவரை பேசினார். சொற்களைக் கண்டுபிடித்தவன் நான். அதை என் பெயரோடு அச்சடிக்க வேணும்.