கம்பத்துக்குக் கம்பம் ஓடிய மீட்டர்காரன்

மீட்டர் பார்க்க வருகிறவனை வாசலில் கண்டதும் முகம் மலர்ந்த ஒரு வீட்டுக்காரரை என் வேலைக்காலம் முழுவதிலும் நான் பார்த்ததில்லை. அவன் எழுதுகிற எண்ணின் மேல் சந்தேகம். அவன் கையிலுள்ள டார்ச்சின் மேல் சந்தேகம். செருப்பைக் கழற்றாமல் நிற்கிறானே என்று சந்தேகம். கழற்றினால் அதைவிடப் பெரிய சந்தேகம்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்களே, பஸ்ஸைத் துரத்திப் போய்ப் பாதியில் கைவிட்டவர்களே, உங்களில் ஒருவனாகத்தான் இதை எழுதுகிறேன். எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டு கரண்ட் ஆபீசில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். கம்பியும் கம்பத்தில் மாட்டும் பீங்கானும் எண்ணிக் கொடுக்கிற வேலை. எண்ணுவதற்கு எழுந்திருக்கக்கூட வேண்டாம். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்கும் அதைச் சுற்றியிருந்த தோப்புகளுக்கும் ரீடிங் எடுத்தவர் ஓய்வு பெற்றதும், அந்த வேலை என் தலையில் விழுந்தது. மணல் பாதை, சைக்கிள் போகாது. முதல் நாள் பாதி வழியில் ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தவன், ஊர் திரும்பும் பஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

எங்கள் பிரிவு அதிகாரி குரலை உயர்த்தாமல் சொன்னார்: பொங்கலுக்குள் நான் ரவுண்டை நேரத்தில் முடிக்கப் பழக வேண்டும், இல்லையென்றால் மலைமேல் இருக்கும் மின்நிலையத்துக்கு மாற்றல். சமதரையில் மூச்சு வாங்குகிறவனை மலைக்கு அனுப்புவதில் என்ன நியாயம் என்று நான் கேட்கவில்லை. என் மனைவி செங்கல்பட்டில் பள்ளிக்கூட டீச்சர். இரண்டு பெண்களும் அதே பள்ளியில் படித்தார்கள். மாற்றல் வந்தால் நான் மட்டும் போக வேண்டியதுதான்.

வேண்டாத சர்டிஃபிகேட்

ஸ்டேஷன் ரோட்டில் இருந்த ஒரு டாக்டரிடம் போனேன். என் தோளில் தொங்கிய ஆபீஸ் பையைப் பார்த்ததுமே அவர் சர்டிஃபிகேட் எழுதுகிற தாளை எடுத்துவிட்டார். "எத்தனை நாள் போடணும்?" என்றார். லீவு வேண்டாம், நடக்கத் தெம்பு வேண்டும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் நெஞ்சில் குழாயை இரண்டு தரம் வைத்துக் கேட்டார்.

பிறகு சொன்னதை நான் இன்றும் மறக்கவில்லை. முதலில் நடை மட்டும். நடை சுலபமானதும் நடுவே கொஞ்சம் ஓட்டம். ஓடும்போதும் வாய்விட்டுப் பேச முடிய வேண்டும். பேச்சு நின்றுபோனால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஒரு வாரம் பழகியதை அடுத்த வாரம் ஒரு பிடி மட்டும் கூட்டலாம். இரண்டு பிடி கூடாது. எழுந்து கும்பிட்டுவிட்டுக் கதவுவரை போனவனைக் கூப்பிட்டு நிறுத்தினார். "சர்டிஃபிகேட் வேணாம்னு சொல்ற முதல் ஆபீஸ்காரர் நீங்கதான். இப்ப உண்மையைச் சொல்லுங்க, எதுக்கு வந்தீங்க?"

முனுசாமி வைத்த வெள்ளை

ஏரிக்கரை ரோட்டில் விடிவதற்குள் ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த அளவுகோல் மின்கம்பம் ஒன்றுதான். மூன்று கம்பம் நடை, ஒரு கம்பம் ஓட்டம். அது பழகியபின் இரண்டு கம்பம் நடை, ஒரு கம்பம் ஓட்டம். ஓட்டம் முடிகிற இடத்தில் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காற்றுக்காக வாயைத் திறந்து மேலே பார்ப்பேன்.

இதை எதிர் டீக்கடையிலிருந்து எங்கள் லைன்மேன் முனுசாமி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சில நாளில் அந்த ரோட்டுக் கம்பங்களில் ஏறியிருந்த கொடியெல்லாம் காணாமல் போயிற்று. அழிந்துபோன எண்களுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. நல்ல மாற்றம் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். ஒரு நாள் அவர் என்னை மறித்து நின்றார். "அண்ணாத்த, நானும் புள்ள குட்டி வச்சிகினுதான் கீறேன். எந்தக் கம்பத்துல இன்னா கொறைன்னு என்னாண்ட சொல்லிடு, மேல எழுதிப் போடாதே."

திங்கட்கிழமைக் கால்

ஒரு பிடிதான் கூட்டலாம் என்று டாக்டர் சொன்னார் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று அடித்தது. ஏரிக்கரை முழுவதையும் நிற்காமல் ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடியும் விட்டேன். மறுநாள் விடியற்காலை மாமல்லபுரம் பஸ்ஸில் ஏற இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து என்னை நானே தூக்க வேண்டியிருந்தது. உட்காரும்போது என்னை அறியாமல் ஒரு சத்தம் வந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் என் காலையே பார்த்தார். "நேத்து ராத்திரி எவன் வூட்டுச் செவுரு ஏறிக் குதிச்சே?"

முன்னால் ஓடியவர்

ஐப்பசி பிறப்பதற்குள், விடியுமுன் கிளம்பும் முதல் பஸ்ஸில் போய்க் கடற்கரைப் பாதையிலேயே பழக ஆரம்பித்தேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மீட்டருக்குத் தெரியாமல் வெளிக்கம்பியில் கொக்கி மாட்டி விளக்கு எரிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். செங்கல்பட்டின் பெரிய தெருக்களிலும் இருந்தார்கள். அவர்களைப் பிடிக்க வேறு ஆட்கள் உண்டு, எனக்கு அந்த வேலை இல்லை. ஆனால் பையும் டார்ச்சுமாக வருகிற எல்லாரும் குப்பத்துக்கு ஒன்றுதான்.

அன்று எனக்கு முன்னால் ஒருவர் தோளில் வலையோடு போய்க்கொண்டிருந்தார். என் ஓட்டக் கம்பம் வந்தது, ஓடினேன். அவர் திரும்பிப் பார்த்தார், அவரும் ஓடினார். அடுத்த கம்பம் வந்ததும் நான் நின்று மூச்சு வாங்கினேன். அவரும் தள்ளி நின்று மூச்சு வாங்கினார். நான் நடந்தேன், அவர் நடந்தார். நடை முடிந்து நான் மறுபடி ஓட, அவர் வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் எனக்குக் குரல் வரவில்லை. குப்பத்து எல்லையில் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பெயர் கன்னியப்பன் என்று பிற்பாடு தெரிந்தது. வலையை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. "புடிக்கிறதுன்னா ஒரேடியாப் புடி சார். நடுவுல நடுவுல நின்னு நின்னு தொரத்தறது இன்னா பழக்கம்?"

பதினாறாம் வாய்ப்பாடு

குரல் வராமல் போனது என்னை யோசிக்க வைத்தது. ஓடும்போது பேச்சு நிற்கக் கூடாது என்பதல்லவா விதி? தனியாக ஓடுகிறவன் யாரோடு பேசுவது? பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டே போனேன். மூச்சு இடறாமல் எதுவரை சொல்ல முடிகிறது என்பதே என் அளவு. எண்பதில் நின்றது நூற்றுப் பன்னிரண்டுக்கு வந்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு நாள் குப்பத்துக்குள் நுழையும்போதும் நிறுத்த மறந்துவிட்டேன். முதல் வீட்டெதிரில் பதினாறு, அடுத்ததில் முப்பத்திரண்டு, அதற்கடுத்து நாற்பத்தெட்டு என்று வரிசையாக நடந்தேன். கன்னியப்பனின் மனைவி அஞ்சலை மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டாவது வீட்டு வாசலில் நின்றாள். மார்க்கெட்டுக்குக் கிளம்பியவள் கிளம்பாமல் எனக்காகவே நின்றாள். "மொத வூட்டுக்குப் பதினாறு, எனுக்கு நூத்தி இருபத்தெட்டா? மீட்டரக்கூடப் பாக்காத எப்டி சார் எழுதுவே?"

மணி கட்டிய வண்டி

குப்பத்தைத் தாண்டிச் சவுக்குத் தோப்பு வைத்திருந்தவர் வேதாசலம். பெரிய பம்பு செட் அவருடையது. ஒரு நாள் எனக்கு மோர் கொடுத்தார். இதுவரை தண்ணீர்கூடக் கொடுக்காதவர் மோர் கொடுத்தால், குடிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். யோசித்தேன். வெயில் அதிகமாக இருந்ததால் குடித்துவிட்டு யோசித்தேன்.

"இனிமே ஏன் நடந்து வர்றீங்க? பஸ் நிக்கிற இடத்துக்கு நம்ம மாட்டுவண்டியை அனுப்பறேன்" என்றார். இது லஞ்சத்தில் சேர்த்தி என்று பட்டதால் மறுத்தேன். மறுமாதமும் கேட்டார், மறுத்தேன். மூன்றாம் தரம் கேட்டபோது, அப்படி என்ன அக்கறை என்று நானும் கேட்டுவிட்டேன். நல்ல மனிதர், மறைக்கவில்லை. "நடந்து வந்தீங்கன்னா எப்ப வர்றீங்கன்னே தெரியல சார். வண்டின்னா மாட்டுக் கழுத்துல மணி கீது, தோப்புக்கு வெளியவே கேட்டுடும்."

சோதனை ரவுண்டு

மார்கழியில் என் ரவுண்டு ஒருநாள் முன்னதாகவே முடிந்தது. பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். அதிகாரி என்னை உட்காரச் சொல்லவில்லை. பாதி வழியில் உட்கார்ந்தவன் எல்லாருக்கும் முன்னால் முடிக்கிறான். போதாக்குறைக்கு அந்தக் குப்பத்தில் மீட்டர் ஓடுகிற வேகமும் திடீரென்று கூடியிருக்கிறது. ரீடிங்கை வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக எழுதினால் இரண்டும் நடக்கும் என்றார். அவர் நினைத்ததில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் பொய் ரீடிங் என்று முடிவானால் மாற்றலோடு போகாது. வேலையே போய்விடும். அன்று வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. "ஏன் சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க?" என்று மனைவி இரண்டு தரம் கேட்டாள்.

மறுநாள் அதிகாரியே என்னோடு வந்தார். பாலிஷ் போட்ட ஷூ. பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னைச் சோதிப்பதற்கென்றே விறுவிறுவென்று முன்னால் நடந்தார். மெதுவாகப் போகலாம் என்றேன். அதில் ஏதோ சூது இருப்பதாக எண்ணி இன்னும் வேகமாக நடந்தார். சில கம்பங்கள் தாண்டியதும் ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து மேலே பார்த்தார். அந்த வழியாக வந்த கன்னியப்பன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குப்பத்துக்குள் திரும்பி நடந்தார்.

நான் வீடு வீடாக மீட்டர் பார்த்து எண்ணைச் சொன்னேன். அதிகாரி டார்ச் அடித்துச் சரிபார்த்தார். எண்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. இன்று சரி, போன மாதங்கள்? அஞ்சலையின் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சாக அவளிடம் கேட்டார். இந்த ஆள் மாதாமாதம் நேரில் வந்தாரா, இல்லை வராமலே எழுதினாரா? எழுதின யூனிட் மட்டும் எப்படி மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறது?

அஞ்சலைக்கு என் மேல் எந்தப் பிரியமும் கிடையாது. கூடையை இறக்கி வைத்தாள். "வராதயா? இருட்டு பிரியறதுக்குள்ள வந்து கம்பங்கம்பமா அண்ணாந்து பாத்துகினு நிக்கறாரு. இந்த ஆளு வராத இருந்தா நாங்க இன்னாத்துக்கு சார் கொக்கிய அவுத்துட்டு மீட்டர்ல எரிக்கப் போறோம்?" என்றாள். சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. கன்னியப்பன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி ஷூவிலிருந்து மணலைக் கொட்டினார். கொட்டி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "மலைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். இந்தக் கொக்கி விஷயத்தை... மூச்சு வந்ததும் விசாரிக்கிறேன்."

ஆகவே மூச்சு வாங்குகிறவர்களே, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் நெஞ்சுக்கும் காலுக்கும் தெம்பு நிச்சயம் வரும், ஆனால் அதற்காகத்தான் ஓடுகிறீர்கள் என்று யாராவது நம்புவார்கள் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.