ராஜா மகள் வந்த வழி

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் ஊருக்கு மேயராக இருந்த மேர் துரையிடம் உத்தரவு வாங்கி, பாகூரில் கொட்டகை போட்டுப் பேசும்படம் காட்டிய வருஷம் எனக்கு எட்டு வயது இருக்கும். படத்தில் ஓர் ஏழை, ஆளும் மாடும் இல்லாமல் தண்ணீர் இறைக்கும் யந்திரம் கண்டுபிடிக்கிறான். பாட்டுத் தொடங்கும்போது கையில் சுத்தியல். பாட்டு முடியும்போது யந்திரம் ஓடுகிறது, காய்ந்த கொல்லையில் கரும்பு ஆளுயரம் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து ராஜாவின் மகள் வரப்போடு நடந்து வந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். அடுத்த காட்சி கல்யாணம்.

எங்கள் ஊரார் கரும்பு போடுகிறவர்கள். சும்மா விடுவார்களா? "பத்து மாசப் பயிருடா, ஒரு பாட்டுல வெளஞ்சிடுச்சா?" என்று ஆண்கள் பக்கம் ஒரே கூச்சல். "ராஜா மவ இன்னாத்துக்குடா இந்த வழியா வர்றா? அரமணையில தண்ணி இல்லியா?" என்று ஒருவர் கேட்டதும் சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. பெண்கள் பக்கத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

படத்தை முழுசாக நம்பியவர் என் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி; எங்களோடு இருந்து கரும்பாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச்சேரியில் வாங்கிய பழைய சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பூட்டுவதில்தான் அவருக்கு உயிர். அதனாலேயே நெட்டப்பாக்கத்தில் கேட்ட பெண் கிடைக்கவில்லை. "சைக்கிளக் கழட்டிக்கினு குந்தியிருக்கிறவனுக்குக் குடுத்தா எம் பொண்ணு சோத்துக்கு இன்னா பண்ணும்?" என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பிவிட்டார். அன்றுமுதல் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. படம் பார்த்த பிறகுதான் முகத்தில் களை வந்தது.

ஆலையில் மாடுகள் சுற்றி இழுக்கும் நீண்ட மரத்தின் நுனியில் சைக்கிளைக் கட்டினார். கரும்பு வைக்காமல் ஓட்டிப் பார்த்தபோது அழகாகச் சுற்றியது. நான் துள்ளித் துள்ளிக் கைதட்டினேன். மாடுகளை ஏரிப்பக்கம் மேய்ச்சலுக்கு ஓட்டச் சொல்லிவிட்டார். இனி அவற்றுக்கு இங்கே வேலை இல்லையாம்.

அந்த நேரம் பார்த்து ஒரு வில்வண்டி வந்து நின்றது. நெட்டப்பாக்கத்துப் பெண்ணின் அப்பா! வண்டிக்குள் அவர் மகள். பாகூர் கோயிலுக்கு வந்தார்களாம்.

ஆலைக்கு வந்தவர் யாரானாலும் சாறு குடிக்காமல் போகக்கூடாது. போனால் அந்த வருஷம் வெல்லம் இறுகாது என்பார்கள். என் அப்பா பதறிப்போய் வரவேற்றுக் கரும்பைச் செருகினார். மாமா சைக்கிளில் ஏறி மிதித்தார். கரும்பு உருளைக்குள் ஒரு சாண் போயிருக்கும், செயின் அறுந்தது. மாமா சக்கைக் குவியலில் தலைகுப்புற விழுந்தார். வண்டிக்குள் ஒரு சிரிப்பு வெடித்தது.

ஆலை மாடும் இல்லை, சாறும் இல்லை; வண்டி மாடோ ஆலை சுற்றிப் பழகாதது. அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. மாமா எழுந்து, தலையெல்லாம் சக்கையோடு, மரத்துக்குத் தோள் கொடுத்துத் தள்ளினார். அது அசைவேனா என்றது.

"இரு தம்பி," என்று வந்தவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். "நீ தள்ளித் தள்ளி ஊத்த, நான் குந்திக்கினு குடிக்க, நான் இன்னா ராஜாவா?"

இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். மகளும் சிரிப்பை அடக்கமாட்டாமல் வந்து ஒரு கை கொடுத்தாள். நானும் ஓடிப்போய் மரத்தில் தொற்றிக்கொண்டேன். கரும்பு நெரிந்து, நுரையோடு சாறு கொட்டியது. அவ்வளவு இனிப்பை நான் பிறகு குடித்ததே இல்லை.

அவர் சொம்பைக் காலி செய்துவிட்டு மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். "ஒழைக்கிற ஒடம்புதான். நல்ல நாளாப் பாத்து வூட்டுக்கு வா."

அவள் எனக்கு அத்தையானாள். "நம்ப மாட்டேன்னீங்களே, படத்துல வந்தாப்பலயே நடந்துச்சா இல்லியா?" என்று மாமா ஊரெல்லாம் மார்தட்டிக்கொண்டார். யாராலும் மறுக்க முடியவில்லை. நெட்டப்பாக்கம் பாகூருக்கு மேற்கே. எங்கள் ஆலையோ கிழக்கே. கோயிலுக்கு வந்த வண்டி கோயிலைத் தாண்டி அவ்வளவு தூரம் ஏன் வந்தது என்று, கொட்டகையில் அத்தனை கூச்சல் போட்ட ஊரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் படத்தை அத்தையும் வந்து பார்த்திருந்தாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மாமா அந்தக் கதையைத் தொடங்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அவர் சக்கையில் விழுந்ததை நினைத்துத்தான் சிரிக்கிறாள் என்று நானும் கூடவே சிரித்துக்கொண்டிருந்தேன்.