அறிவிப்புப் பலகையில் எழுத முடியாத தலைப்பு

சி ரூசா என்ற ஊரின் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு சிறிய கிறிஸ்துவக் கல்லூரியில் நான் மூன்று வருடம் படித்தேன். படித்து முடித்து ஒன்பது வருடம் கழித்து, மாணவர்களிடம் ஒரு மணி நேரம் பேச அனுமதி கேட்டு அங்கே போனேன். கூட வந்தவர் என் வகுப்புத் தோழர். அந்நாளில் கல்லூரிப் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தவர். அவர் ஆண்களை விரும்புபவர். நான் பெண்களை விரும்புபவள். இருவரும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்கள். இந்த இரண்டும் எங்களுக்குள் எப்படி ஒன்றாக இருக்கின்றன என்பதைத்தான் பேச நினைத்தோம்.

முதல்வர் ஒரு போதகர். எங்களுக்குப் பழைய ஏற்பாடு நடத்தியவர். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு எங்கள் கடிதத்தை எடுத்து, ‘விசுவாசமும் பாலியலும்’ என்ற தலைப்பில் இரண்டாவது சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டார்.

“இத போர்டுல போட முடியாது.”

“வேற என்ன போடலாம், பாஸ்டர்?”

“குடும்ப வாழ்வுன்னு போடுவோம்லா. எல்லாம் அதுக்குள்ள வந்துரும்.”

அதனால் கூட்டம் நிரம்பிவிட்டது. கல்யாணம் நிச்சயமான இரண்டு ஜோடிகள் நோட்டுப் புத்தகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து, நான் யார், யாரை விரும்புகிறேன், இன்னும் ஏன் ஜெபிக்கிறேன் என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த நான்கு பேனாக்களும் நின்றன. முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“அக்கா, அப்போ கல்யாண கவுன்சலிங் இன்னிக்கு இல்லையா?”

“இல்லைமா.”

அவளும் அவளுடைய வருங்காலக் கணவனும் எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவர், வேதத்தில் தெளிவாக எழுதியிருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தேர்வில் கேட்பதுபோல் கேட்டார்.

“எனக்கும் தெரியும் தம்பி,” என்றார் என் தோழர். “பதினாறு வயசுல இருந்து அந்தப் பக்கத்த படிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். உங்களவிட அதிகமாவே படிச்சிருப்பேன்.”

அதன் பிறகு அரை மணி நேரம் பேச்சு நன்றாகவே போனது. முடிவில் முதல்வர் நீண்ட ஜெபம் செய்தார். அதில் எங்கள் இருவருக்கும் இந்த விருப்பத்திலிருந்து விடுதலை வேண்டினார். பழக்கத்தில் நாங்களும் ஆமென் சொல்லிவிட்டோம்.

மறுநாளே செய்தி ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அப்பாவுக்குப் போய்விட்டது. அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். தோட்டத்து ஆலயத்தில் மூப்பர். என்னைப் பற்றி அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் அதைப் பேசியதில்லை. சாயங்காலம் போன் செய்தார்.

“காலேஜ்ல போய் பேசுனியாமே.”

“ஆமாப்பா.”

“மைக் இருந்துச்சா?”

“இல்லப்பா.”

“பின்னால உள்ளவங்களுக்குக் கேட்டிருக்காதே.” அதோடு வைத்துவிட்டார்.

அந்த வாரம் சபையார் சிலர் அவரைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அந்த ஆலயத்தில் வேதம் வாசிப்பது நான். என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். பட்டியலை எழுதுகிறவர் அப்பா. அவர் எடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். என் பெயர் இருந்த இடம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே, காணிக்கைத் தட்டு எடுக்கும் இடத்தில், அவருடைய பெயரும் இல்லை. இருபது வருடமாக அந்தத் தட்டை எடுத்தவர். அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, எந்தப் பாட்டு என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த மாதம் கல்லூரியில் நாங்கள் கேட்டு வாங்கிய இரண்டாவது கூட்டத்துக்கு மூன்றே பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி, தன்னைக் கடவுள் வெறுக்கிறார் என்று பன்னிரண்டு வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அவளோடு பேசிக்கொண்டே இருந்ததில் நேரம் தாண்டிவிட்டது. அறையைப் பூட்ட முதல்வர் சாவியோடு வந்தார். யாரும் எழவில்லை. அவர் கதவருகே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் பேசி முடித்ததும் எங்கள் பக்கம் திரும்பினார்.

“என் தம்பி சிங்கப்பூர்ல இருக்கான். ஒரு ஆளோட இருக்கான். பதினோரு வருஷமா நான் பேசல. என்ன சொல்லி ஆரம்பிக்கிறது?”

அவர் எங்களிடம் ஒன்றைக் கேட்டது அதுவே முதல் முறை.

“சாப்பிட்டியான்னு கேளுங்க, பாஸ்டர்,” என்றார் என் தோழர்.

இரண்டு வாரம் கழித்து முதல்வர் எனக்குப் போன் செய்தார். கூட்டம் இனி வேண்டாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்துவிட்டது என்றார். தம்பி போனை எடுத்தான் என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

இப்போது சனிக்கிழமை மத்தியானங்களில் பெடாஸில் என் வாடகை வீட்டில் கூடுகிறோம். போன வாரம் ஏழு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் நாங்கள் சொல்வது எதையும் ஒப்புக்கொள்வதில்லை. மழை பெய்தாலும் அவர் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறார்.