சொறி ஒதுங்கிய கரையில் ஒரு பால் சுறா

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மகள் தலைப்பிரசவத்துக்குத் திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து பத்து நாளாகியும் அவளுக்குப் பால் போதவில்லை. பேரன் ராத்திரியில் எத்தனை முறை அழுகிறான் என்று எண்ணி எண்ணியே எனக்குத் தூக்கம் கெட்டது. பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் கொடுத்தாயிற்று. பால் சுறாவில் புட்டு செய்து கொடுத்தால் சுரக்கும் என்றாள் மனைவி. எங்கள் மார்க்கெட்டுக்குக் கடல் மீன் கடலூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரவேண்டும். இரண்டு வாரமாகப் பெட்டியே வரவில்லை. நானே பஸ் ஏறினேன்.

கடலூருக்கு அப்பால் ஒரு குப்பத்துக் கரை நெடுகச் சொறி ஒதுங்கிக் கிடந்தது. ஜெல்லி மீனை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஜவ்வரிசிக் கூழை வட்ட வட்டமாக ஊற்றி வைத்ததுபோல இருந்தது. ஒரு படகு நீளத்துக்குள் நாற்பத்தொன்று எண்ணினேன். ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதே கையால் வியர்வையைத் துடைத்தேன். கன்னம் பற்றி எரிந்தது. குடிக்கக் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைத் திறந்ததும், வலை உதறிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடிவந்து தடுத்தார்.

“நல்ல தண்ணி ஊத்தாதீங்கண்ணே, ஜாஸ்தியாயிடும். கடல் தண்ணியால கழுவுங்க. எந்த ஊரு?”

சொன்னேன்.

“அதான பாத்தேன். உங்க மலைமேல இதெல்லாம் மேயாது.”

சொறி முன்பும் வரும், போகும். இந்த மூன்று வருஷமாகப் போக மாட்டேன் என்கிறது என்றார். வலையில் பாதிக்குமேல் அதுதான், கனத்தில் வலை கிழிகிறது. அதைத் தின்கிற ஆமைகளோ விசைப்படகு வலைகளில் சிக்கிச் செத்துக் கரை ஒதுங்குகின்றன. பள்ளிக்கூடத்தில் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டவன் நான். மீன் முட்டையையும் குஞ்சையும் சொறி தின்றுவிட்டால் மத்தி ஏது? மத்தி இல்லாத கரைக்குச் சுறா எதற்கு வரும்? அந்த அம்புக்குறி என் வீட்டுத் தூளிவரை வரும் என்று நான் நினைத்ததில்லை.

அன்று கரையேறிய ஒன்பது படகுக்கும் சேர்த்து ஒரே ஒரு பால் சுறா. முழங்கை நீளம் இருக்கும். அது அந்த அம்மாளின் கூடையில் கிடந்தது. விலை கேட்டேன். மருமகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், விற்பதற்கில்லை என்றார். நான் பேரனைப் பற்றிச் சொன்னேன். அவர் அரிவாள்மனையை இழுத்துப் போட்டு, நடுவை விட்டு வால்பக்கமாகத் தள்ளி வெட்டினார்.

“வால் உங்களுக்கு. என் மருமகளுக்கு ரெட்டைப் புள்ளைங்க, பாதி கேக்காதீங்க.”

உப்புத் தடவிக் கொண்டுவந்தேன். வாடை தாங்காமல் பஸ்ஸில் மூன்று பேர் இடம் மாறினார்கள். என் முகத்தைப் பார்த்து, சுறா கடித்ததா என்று மனைவி கேட்டாள். புட்டு இரண்டு கைப்பிடிதான் வந்தது. அடுத்த சில நாட்களில் மகளுக்குப் பால் ஊறியது. சுறாவால்தான் என்றாள் மனைவி. தானாக வந்தது என்றாள் மகள். நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. அங்கே அந்தத் தலைப்பக்கம் இரண்டு பிள்ளைகளுக்குப் போதியதா, மறுநாள் வலையில் வேறு சுறா ஏதும் வந்ததா என்பதுதான் எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது.