பதினெட்டுக் கைகள்

என் கணவர் கௌரிதரன் பேஸ்போல் ஆட்டக்காரர். மைதானத்தின் கடைசியில் நின்று, உயர வரும் பந்தைப் பிடிப்பது அவர் வேலை. பதினொரு வருடத்தில் ஆறு கழகங்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. விளையாட்டு இல்லாத நாட்களில் இங்குள்ள லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், கடையொன்றில் அரிசி மூட்டை இறக்குவார்.

போன கிழமை பயிற்சியில், யாழ்ப்பாணத்துக் கிரிக்கெட் பழக்கம் விடாமல், பந்தைப் பிடிக்கக் கையுறை இல்லாத வலக்கையையும் சேர்த்து நீட்டிவிட்டார். சுண்டுவிரல் முறிந்தது. இன்று ஏழாவது கழகத்தில் தேர்வு.

"கட்டுப் போடுங்கோவன்!" என்று கத்தினேன்.

"கட்டுப் போட்டதைக் கண்டால் எடுப்பினமே? எறியிறதுக்கு அந்த விரல் தேவையில்லை. சும்மா இரும்."

வேலியோரம் நின்றேன். பத்துப் பந்துகள் உயர்ந்து வந்தன. பாவி மனிதன் பத்தையும் பிடித்துத் திருப்பி எறிந்தார். பயிற்சியாளர் சம்மதமாய்த் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் மற்ற ஆட்டக்காரர்கள் சிரித்தபடி வரிசையாக வந்தார்கள். இந்த நாட்டில், புதிதாய்ச் சேர்ந்தவர் எல்லோருக்கும், ஒருவர் விடாமல், கைகொடுக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன். பதினெட்டுப் பேர். முதலாவதாக வந்த தடித்த மனிதன் கையை நீட்டினான்.

கௌரிதரனும் சிரித்துக்கொண்டே வலக்கையை நீட்டினார். கண்கள் மட்டும் வேலியோரம் என்னைத் தேடின.