சாமியறையில் இருந்த தவில்காரர்

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை பழைய படமொன்றைத் துடைத்தபோது வந்த கற்பூர வாசம் என்னைச் சின்ன வயதில் யாழ்ப்பாணத்து அளவெட்டிக்குக் கொண்டுபோனது. அயலில் இருந்த பெரிய வீட்டிலிருந்து பின்னேரங்களில் தவிலும் நாதஸ்வரமும் சிரிப்பும் வேலி தாண்டி வரும். அங்கே வந்து தங்கிய கலைஞர்கள், எழுத்தாளர்களின் படங்கள் விறாந்தைச் சுவர் நிறைய இருந்தன. சண்டை மூண்டு செல் குண்டுகள் விழத் தொடங்கியதும், வீடு போனாலும் படங்கள் தப்பட்டும் என்று அந்த வீட்டு மாமி அவற்றை அயலுக்குப் பிரித்துக் கொடுத்தார். எங்களுக்கு வந்தவர் ஒரு தவில்காரர். அம்மா அவரைச் சாமியறையில் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிதோறும் மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்.

ஒருநாள் அந்தத் தவில்காரரே தண்ணீர் குடிக்க வந்து அதைப் பார்த்துவிட்டார்.

“தங்கச்சி, நான் இன்னும் சாகேல்லை!”

அம்மா வெட்கப்பட்டுப் போனார். “முருகனுக்குப் போடேக்கை உங்களை மட்டும் எப்பிடி விடுறது, அண்ணை?”

“அப்ப இருக்கட்டும். செல் வரேக்கை அவருக்குப் பக்கத்திலை நிக்கிறது நல்லதுதானே!”

தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது, அம்மா சட்டி பானைகளை விட்டுவிட்டு அந்தப் படத்தைத்தான் சேலையில் சுற்றித் தென்மராட்சிவரை சுமந்தார்.

பெரிய வீடு இப்போது அருங்காட்சியகம். இன்று படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கு வேலை செய்யும் பிள்ளை, காத்து வைத்தவரின் பெயரைக் கேட்டு எழுதிப் படத்தின் கீழே ஒட்டினாள். அரிசி, மா வாங்கும் கூப்பன் மட்டையைத் தவிர வேறெங்கும் எழுதப்படாத என் அம்மாவின் பெயர் இப்போது அந்தச் சுவரில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, 12.08.2018