மணல் பக்கமாக இறங்கியது

அப்பாவின் எலும்புத் துண்டு ஒன்று என் காலருகே வந்து நின்றது. நின்றதுதான், நகரவில்லை. தவறான கரையில் இறங்கிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

திருமுக்கூடலில் மழைக்குப் பிறகு பாலாற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றில் கரைத்தது கடலுக்குப் போனால்தான் அப்பா போய்ச் சேர்ந்தார் என்பது அம்மாவின் நம்பிக்கை. எனக்கு அழுகை வரவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் கலங்கி ஓடிவிட்டது. எலும்பு அடியில் தங்கிவிட்டது.

கல்லூரியில் எத்தனை முறை எழுதிய பாடம்! பொடியைத் தண்ணீர் மிதக்கவிட்டே தூக்கிப்போகும். கனமானதை உருட்ட வேகம் வேண்டும். ஆறு வளையும் இடத்தில் அந்த வேகம் வெளிக்கரைக்குப் போய் மண்ணை அறுக்கும். உள்பக்கம் தண்ணீர் சோர்ந்து, சுமந்து வந்ததை இறக்கிவைக்கும். அப்படிச் சேர்ந்த மணல்மேட்டில்தான் நாங்கள் நின்றோம். சரிவு குறைவு, கலயத்தோடு இறங்கச் சுலபம் என்று எல்லோரும் அங்கேதான் கரைக்கிறார்கள். எதிர்க்கரை செங்குத்து, அங்கே ஒரு பனைமரம் பாதி வேர் வெளியே தெரிய நின்றது.

"அந்தாண்ட போய்ப் போட்டிருக்கணும் மாமா. இங்க போட்டா இங்கியே கெடக்கும்" என்றேன்.

அம்மாவின் தம்பி அவர். துண்டைப் பிழிந்துகொண்டே, "அப்பனை அனுப்ப வந்தியா, பரிட்சை எழுத வந்தியா? ஏறும்மா வண்டியில" என்றார்.

வீட்டில் அம்மா கேட்ட முதல் கேள்வி: "போய்ட்டாராடி?"

பொய் சொல்லியிருக்கலாம். "சாம்பல் போயிடுச்சும்மா. எலும்பு அங்கியே நின்னுடுச்சு."

அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை. "கல்யாணத்துக்கே லேட்டா வந்த ஆளு" என்றார். கழுநீரை வடித்துக்கொண்டே, "எடுத்து அந்தாண்ட போட முடியுமா?"

"நேரா கடலுக்கே எடுத்துக்கினு போலாமே?"

"பஸ்லயா? ஆறுதான் கூட்டிக்கினு போவணும்."

எனக்குள் இன்னும் எதுவும் அசையவில்லை. கை மட்டும் நோட்டில் வளைவை வரைந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். முதலில் செங்கல்லை அந்த எலும்புத் துண்டின் அளவுக்கு உடைத்து, வெள்ளை பெயின்ட் அடித்து, இரண்டு கரையிலும் ஒரு பிடி போடுவேன். எவ்வளவு தூரம் நகர்ந்தன என்று மறுநாள் டேப்பால் அளப்பேன். பனைமரத்துப் பக்கம் போட்டவை நகர்ந்திருந்தால், மணலைக் கிளறி அவரைத் தேடத் தொடங்குவேன்.